கெட்டால் யார் திருத்துவது, சொன்னால் யார் சரிபார்ப்பது? நுண்செயலி, நிலைபொருள் கண்டுபிடிப்புகள் பற்றி அரியலூர்–பெரம்பலூரை முன்வைத்து ஒரு வாதம்

நம் நாட்டில் ஒரு நுண்செயலி வெளியாகும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. இது முழுக்க நம்முடையதா? இதற்குக் காப்புரிமை வாங்கியாகிவிட்டதா? பத்திரிகைகள் முதல் கேள்வியோடும், பல்கலைக்கழகத் தரவரிசைக் குழுக்கள் இரண்டாவது கேள்வியோடும் நிறைவடைந்துவிடுகின்றன. இரண்டும் உடைமை பற்றிய கேள்விகள். சில்லுக்குள் எழுதிவைத்த ஆணைகளால் ஓடும் இயந்திரத்தோடு அன்றாடம் புழங்குகிறவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. அவர் கேட்க வேண்டியது வேறு: இயந்திரம் கெட்டால் யார் திருத்தலாம்? அது சொல்லும் விடை சரிதானா என்று யார் சரிபார்க்கலாம்? ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருளிலும் நுண்செயலி வடிவமைப்பிலும் நடந்த கண்டுபிடிப்புகளை இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்விரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்றதற்குப் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாதத்துக்கு அரியலூரையும் பெரம்பலூரையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இங்கே சில்லு வடிவமைப்பு நிறுவனமும் இல்லை, சில்லு வார்க்கும் ஆலையும் இல்லை. ஆனால் சில்லால் ஓடும் இயந்திரங்கள் நிறைந்திருக்கின்றன. அரசின் டான்செம் ஆலை 1979-இல் அரியலூரில் சிமெண்ட் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பின்னால் வந்த தனியார் ஆலைகளால் அரியலூர் மாவட்டம் சிமெண்ட் மாவட்டமாகவே ஆகிவிட்டது. பக்கத்துப் பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரிப் பூமி. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்றால் பாசனமும் நின்றுபோகும். கண்டுபிடிப்புகள் எங்கோ நடக்க, அவற்றின் விளைவுகளோடு மட்டும் வாழும் மாவட்டங்கள் இவை. நிலைபொருளின் நன்மை தீமைகளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சூளையிலிருந்து தொடங்கலாம். சுண்ணாம்புக்கல் மாவைச் சுழலும் சூளைக்குள் விட்டு ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் கிடைக்கிறது. சூடேறிய சூளை சுழலாமல் நின்றுவிட்டால் அதன் இரும்பு உடல் தன் எடையாலேயே வளைந்துவிடும். அதனால் மின்சாரம் போனாலும் துணை இயக்கியைக் கொண்டு மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். சூளையின் வாயுவை இழுக்கும் ஐ.டி. ஃபேன் ட்ரிப் ஆனால் நிலக்கரி ஊட்டம் நிற்க வேண்டும். கில்ன் ஃபீடும் நிற்க வேண்டும். எது நின்றால் எது நிற்கும் என்ற இந்தச் சங்கிலியை ஆலைக்காரர்கள் இன்டர்லாக் என்பார்கள். அது முழுவதும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியில், ஏணிப்படிபோல வரையும் லேடர் வடிவில் எழுதப்பட்டிருக்கும். இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளர் மடிக்கணினியைச் செருகி, எந்த நிபந்தனை நிறைவேறாததால் சூளை கிளம்பவில்லை என்பதைப் படியாகப் பார்த்துச் சொல்லிவிடுவார். தேவைப்பட்டால், உரிய அனுமதியோடு, ஒரு படியை மாற்றவும் செய்வார்.

அந்த லேடருக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. உள்ளீடுகளைப் படித்து, லேடரை மேலிருந்து கீழாகக் கணக்கிட்டு, வெளியீடுகளை எழுதி, மில்லிநொடிகளுக்குள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிற அடுக்கு அது. அதுதான் நிலைபொருள். உற்பத்தி நிறுவனம் எழுதியது. ஆலையில் யாரும் அதைப் படித்ததில்லை, படிக்கவும் முடியாது. 1968-69-இல் டிக் மோர்லியின் குழு, ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு கேட்டதற்கு இணங்க, மோடிகான் 084 என்ற முதல் பி.எல்.சி.யை உருவாக்கியது. அதன் சிறப்பாகப் பலரும் சொல்வது ரிலே பலகைகளை ஒழித்ததை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அது எல்லைக்கோட்டைக் கிழித்த இடம். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் புரியும் வடிவில் மேலடுக்கைத் திறந்துவைத்து, கீழடுக்கை மூடிவைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சூளைகள் ஓடுவது, திருத்த வேண்டியவர் கைக்கு எட்டும் இடத்தில் திருத்த வேண்டியதை வைத்த இந்த ஏற்பாட்டினால்தான்.

பெரம்பலூர்ப் பக்கத்து வயலில் நிலைமை வேறு. கைப்பேசியிலிருந்து அழைத்தால் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர்கள் இப்போது பரவலாகிவிட்டன. உள்ளே ஒரு சிம், ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர், சில ரிலேக்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினாலோ நிறுத்திவிடும். எத்தனை ஆம்பியரில் நிறுத்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற அளவுகள் அந்த மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்தில் இருக்கும். பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன் காண்டாக்டர் மாற்றுவார், ரிலே மாற்றுவார், கப்பாசிட்டர் மாற்றுவார். நிரல் கெட்டுப்போனால் மட்டும் ‘போர்டையே மாத்தணும்’ என்று சொல்லிவிட்டுப் போவார். மைக்ரோகண்ட்ரோலர்களில் உள்ளே எழுதியதை வெளியிலிருந்து படிக்கவிடாமல் பூட்டும் வசதி உண்டு. போட்டி நிறுவனம் திருடிவிடக் கூடாதென்று தயாரிப்பாளர் போட்ட அந்தப் பூட்டு, வெங்காயத்துக்குத் தண்ணீர் காட்ட நிற்கிறவருக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடுகிறது. சூளைக்கு மோர்லி விட்டுவைத்த மேலடுக்கு இந்த ஸ்டார்ட்டரில் இல்லை. தொழில்நுட்ப அளவில் இதைத் திறந்துவைக்கத் தடையேதும் கிடையாது. வாங்குகிறவர் கேட்கவில்லை, விற்கிறவர் கொடுக்கவில்லை.

இந்தப் பூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1951-இல் மாரிஸ் வில்க்ஸ், கணினியின் கட்டுப்பாட்டுப் பகுதியைக் கம்பியும் சுற்றுமாகக் கட்டாமல் ஒரு சிறிய நினைவகத்தில் ஆணைகளாக எழுதிவிடலாம் என்று முன்மொழிந்தார். மைக்ரோகோடு பிறந்தது அங்கேதான். 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் சிறிய கணினியும் பெரிய கணினியும் ஒரே ஆணைத்தொகுதியைப் புரிந்துகொண்டதற்கு அதுவே காரணம். 1967-இல் ஆஷர் ஓப்லர் இந்த நடுவடுக்குக்கு ஃபர்ம்வேர் என்று பெயர் வைத்தார். 1971-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த எட்டு அங்குல ஃபிளாப்பித் தட்டு, நாம் பின்னாளில் கடிதங்களையும் கணக்குகளையும் சேமித்த அந்த ஃபிளாப்பியின் மூதாதை, முதலில் இயந்திரங்களுக்குள் மைக்ரோகோடை ஏற்றுவதற்காகவே உருவானது. திருத்தத்தை அனுப்பும் வழியாகத்தான் அது பிறந்திருக்கிறது.

உடைமைச் சண்டை பின்னால் வந்தது. 1981-இல் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலைக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தது. யாரும் படிக்கலாம், பதிப்புரிமை ஐ.பி.எம்.முடையது. காம்பாக் நிறுவனம் ஒரு குழுவைக் கொண்டு பயாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதச் செய்து, அந்த நிரலைப் பார்த்தே இராத இன்னொரு குழுவைக் கொண்டு புதிதாக எழுத வைத்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் தானே எழுதிய பயாஸை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விற்கத் தொடங்கவும் கணினிச் சந்தை உடைந்து பரவியது. 1989-இல் இன்டெல்–என்.இ.சி. வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் மைக்ரோகோடும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், என்.இ.சி. தன் சில்லுகளுக்கு எழுதிய மைக்ரோகோடு மீறல் ஆகாது என்றும் சொன்னது. இந்தச் சண்டைகள் எல்லாமே நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடந்தவை. கணினியை வாங்கியவர் எதிலும் தரப்பினர் அல்லர்.

வாங்கியவர் கவனத்துக்கு வந்தது 1994-இல். லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பென்டியம் சில்லு சில வகுத்தல்களில் தவறான விடை தருவதைக் கண்டுபிடித்தார். வகுத்தலுக்கான அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. அந்த அட்டவணை சிலிக்கானிலேயே பதிந்துபோன ஒன்று. சில்லை மாற்றித் தருவதைத் தவிர வழியில்லை. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அடுத்த தலைமுறையான பென்டியம் புரோவிலிருந்து, சில்லின் மைக்ரோகோடைப் பயாஸ் வழியாகத் திருத்தும் வசதி வந்தது. 2018-இல் ஸ்பெக்டர் குறைபாடு வெளியானபோது உலகெங்கும் கணினிகளுக்குப் போனவை அத்தகைய திருத்தங்களே. ஆனால் அவற்றைத் தயாரிக்கும் உரிமை உற்பத்தியாளரிடம் மட்டும் இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட திருத்தத்தைத்தான் சில்லு ஏற்கும். திருத்த முடியாத இயந்திரம் என்ற குறை போய், ஒருவர் மட்டுமே திருத்தக்கூடிய இயந்திரம் வந்தது.

நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? காப்புரிமைச் சட்டம், 1970-இன் 3(k) பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவில் மட்டும் பார்த்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்குக் காப்புரிமை வழங்க வழி செய்ய முயன்றது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் புதுமையான வன்பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டது. 2017-இல் வந்தது அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவைக் காட்டும் கண்டுபிடிப்பு கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காகவே நிராகரிக்கப்படக் கூடாது என்றது. கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஒரு நிலைபொருள் விண்ணப்பம் எப்படிப் பார்க்கப்படும் என்பது, அது எந்த ஆண்டில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தும் இருந்திருக்கிறது என்றால் மிகையில்லை.

வன்பொருளுக்கும் நிரலுக்கும் நடுவே சட்டம் தேடும் கோடு இயந்திரத்துக்குள் இல்லை என்பதே என் முதல் மறுப்பு. ஒரே வேலையை லாஜிக் கேட்டுகளாகவும் கட்டலாம். அழிக்க முடியாத நினைவகத்தில் எழுதியும் வைக்கலாம். ஃபிளாஷில் ஏற்றி நாளைக்கு மாற்றவும் செய்யலாம். எங்கே வைப்பது என்பதை விலையும் வேகமும் கெடுவும் தீர்மானிக்கின்றன. இரண்டாவது மறுப்பு இன்னும் அடிப்படையானது. காப்புரிமை என்பது ஒரு பேரம்: கண்டுபிடித்தவர் உலகுக்கு வெளிப்படுத்துகிறார், பதிலுக்கு 20 ஆண்டுத் தனியுரிமை பெறுகிறார். கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் சிறந்த முறையையும் முழுமையாக விவரிக்க வேண்டும் என்று நம் சட்டத்தின் 10(4) பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இத்தகைய ஆவணங்களில் இருப்பவை பெரும்பாலும் கட்டம் போட்ட படங்களும், அம்புக்குறிகளும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக எழுதிய கோரிக்கைகளும். மூல நிரல் இருப்பதில்லை. இருபது ஆண்டு கழிந்து உரிமை காலாவதியான பிறகும் அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டார்ட்டர் போர்டைக்கூடத் திருத்த முடியாது. தன் பங்கை முழுதாகப் பெற்றுக்கொண்ட ஒரு தரப்பு, மறு தரப்புக்குத் தர வேண்டியதைத் தராமலே பேரம் முடிந்துவிடுகிறது. சில்லின் தளவரைவுக்கு 10 ஆண்டுப் பாதுகாப்பு தரும் 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தக் குறையைத் தொடவில்லை. அது பாதுகாப்பது வரைவைத்தான், அதில் ஓடுவதை அல்ல.

இந்தப் பின்னணியில் பார்த்தால் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி நுண்செயலித் திட்டம் செய்தித்தாள்கள் சொன்னதைவிட முக்கியமானது. அதே செய்தித்தாள்கள் கொண்டாடிய காரணத்துக்காக அல்ல. பேராசிரியர் வீ. காமகோடி, ஜி.எஸ். மதுசூதன், நீல் கலா ஆகியோரை மையமாகக் கொண்ட ரைஸ் ஆய்வுக்கூடத்தில் உருவானது சக்தி. 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த ஆணைத்தொகுதியே அதன் அடிப்படை. ஆணைத்தொகுதி என்பது செயலிக்கும் நிரலுக்கும் இடையிலான உடன்படிக்கை; அதைப் பயன்படுத்த யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லை. சக்தி குழு அதற்கு மேலும் ஒரு படி போய், செயலியின் வடிவமைப்பையே பி.எஸ்.டி. உரிமத்தில் பொதுவில் வைத்தது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்றுகூட இல்லை.

சக்தியின் செயலிகள் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதப்பட்டவை. எம்.ஐ.டி. பேராசிரியர் அரவிந்தின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த மொழி அது. எந்தச் சூழலில் எந்த விதி இயங்கலாம் என்று வடிவமைப்பாளர் எழுதுவார். விதிகள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்றாக மாற்றுவது கம்பைலரின் வேலை. ஆக, இந்தச் செயலி முதலில் ஓர் உரை, பிறகுதான் சிலிக்கான். மூன்று படியில் ஆணையை முடிக்கும் சிறிய இ-வகை, ஐந்து படியில் முடிக்கும் 64 பிட் சி-வகை, ஆணைகளை வரிசை மாற்றி ஓட்டும் ஐ-வகை என்று அந்த உரைகள் குடும்பமாக இருக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2020 ஜனவரி வரை புளூஸ்பெக் கம்பைலர் ஒரு தனியார் நிறுவனத்தின் உரிமப் பொருளாக இருந்தது. சக்தியின் உரை எல்லோருக்கும் திறந்திருந்தது. அந்த உரையைச் சுற்றாக மாற்றும் கருவி திறந்திருக்கவில்லை. கம்பைலர் திறமூலமானபோதுதான் திருத்தும் உரிமை காகிதத்திலிருந்து கைக்கு வந்தது. ‘முதல் உள்நாட்டுச் சில்லு’ என்ற தலைப்பு 2018-இல் பெரிதாக வந்தது. கம்பைலர் திறந்த செய்தியைத் தமிழில் பேசியவர்கள் குறைவு. இரண்டில் எது பெரிய நிகழ்வு என்றால், நான் இரண்டாவதைச் சொல்வேன்.

2018-இல் 22 நானோமீட்டர் அளவில் அமெரிக்காவின் ஆரிகனிலுள்ள இன்டெல் ஆலையில் ரைஸ்கிரீக் சில்லுகள் வார்க்கப்பட்டு, அவற்றில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் ரிமோ வந்தது. 2020-இல் அங்கேயே மௌஷிக். 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து ஐரிஸ் சில்லை, விண்வெளிப் பயன்பாட்டை மனத்தில் வைத்து, அதே சண்டிகரில் வார்த்தார்கள். சென்னையில் தொடங்கிய மைண்ட்குரோவ் நிறுவனம் சக்தியின் சி-வகையை அடித்தளமாக வைத்து, 28 நானோமீட்டரில், 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லை 2024 மே மாதத்தில் அறிவித்தது. ஆரிகனில் வார்த்தால் அது நம்முடையதா என்று அப்போது பட்டிமன்றமே நடந்தது. 180 நானோமீட்டர் இருபது ஆண்டுப் பழைய தொழில்நுட்பம் என்று ஏளனமும் வந்தது. ஸ்டார்ட்டருக்கும் மின்மானிக்கும் சூளையின் வெப்ப அளவிக்கும் 180 நானோமீட்டர் தாராளம். கைப்பேசியின் அளவுகோலை வயலுக்குக் கொண்டுவந்து அளப்பது வீண் வேலை.

பெரம்பலூரின் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய, ஆர்ட்டி எனப்படும் எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் சக்தியின் இ-வகையை ஏற்றலாம். அந்தக் கட்டமைப்புக்குப் பினாகா என்று பெயர், சி-வகைக்கு வஜ்ரா. ஏற்றிய பின் மாணவர், முதல் ஆணை எந்த முகவரியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கி, சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்து வெளிவருவது வரை ஒவ்வொரு படியையும் மூல உரையில் விரல் வைத்துக் காட்ட முடியும். மூடிய மைக்ரோகண்ட்ரோலரில் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது. தயாரிப்பாளர் எழுதிவைத்த பூட் ரோமில் பாடம் முட்டிக்கொண்டு நிற்கும். கணினிப் பொறியியல் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில், கண்ணெதிரே ஓடும் இயந்திரத்தின் அடியடுக்கைப் படித்தவர்கள் அரிதாக இருப்பது பாடத்திட்டத்தின் குறை மட்டும் அல்ல. இதுவரை படிப்பதற்கு உரை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம். திறமூல ஆர்வலர்கள் பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். அவர்களோடு நான் பிரிகிற இடம் இது. மூல உரையைப் படிக்கும் உரிமை திருத்துவதற்கு உதவும், சரிபார்ப்பதற்குப் போதாது. கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில், 1984-இலேயே, மூல நிரலில் ஒரு தடயமும் இல்லாமல் கம்பைலருக்குள்ளேயே கள்ளவழியை ஒளித்துவைக்க முடியும் என்று காட்டிவிட்டார். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பி.எல்.சி.யில் வேறொன்றை ஓடவிட்டுக்கொண்டே, பொறியாளரின் திரையில் பழைய லேடரையே காட்டியது. மோர்லி எலக்ட்ரீஷியனுக்குத் திறந்துவைத்த அதே சன்னல் வழியாகவே ஏமாற்று நடந்தது. மேசையிலுள்ள உரையும் சில்லுக்குள் ஓடுவதும் ஒன்றுதான் என்பதற்கு, சில்லுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி என்ன என்பதற்கு இந்த இரண்டு மாவட்டத்து வாக்காளர்களும் கையாண்ட இயந்திரமே உதாரணம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதா என்று நாம் அறிந்த எஸ். ரங்கராஜனின் பங்கு தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதல் சோதனை. இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அந்தத் தேர்தல் 1984-இல் உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. பின்னர் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்ந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் இந்த இயந்திரம் வந்தது. இதன் நிலைபொருள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியது. பின்னால் யாரும் மாற்ற முடியாது என்பதையே பாதுகாப்பாகக் கொண்ட வடிவமைப்பு இது. திருத்தும் உரிமை இங்கே வேண்டவே வேண்டாம். வாக்கு இயந்திரத்தை யாரும் திருத்தக் கூடாது. திறந்திருப்பதே எப்போதும் நல்லது என்ற பொதுவிதி இங்கே செல்லாது.

ஆனால் மாற்ற முடியாதது என்பதும் சரிபார்க்கப்பட்டது என்பதும் வேறு வேறு. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகியோரின் ஆய்வு, நிலைபொருளைத் தொடாமலேயே காட்சிப் பலகையை மாற்றிவைத்து எண்ணிக்கையைத் திரித்துக் காட்ட முடியும் என்று செய்துகாட்டியது. அதற்கு இயந்திரம் ஆய்வாளர் கையில் தனியாகக் கிடைத்திருக்க வேண்டும். முத்திரையும் காவலும் இருக்கும் தேர்தல் நடைமுறையில் அது எளிதல்ல என்ற பதிலிலும் நியாயம் உண்டு. இந்த வாதப் பிரதிவாதம் சில்லுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவரை முடிவு கிடைக்கவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் விவிபாட் காகிதச் சீட்டைக் கட்டாயமாக்கியதும் கேள்வியின் இடமே மாறியது. வாக்காளர் கண்ணால் பார்த்த காகிதம், சில்லின் கணக்கோடு ஒப்பிடக்கூடிய வெளிச்சாட்சி ஆகிவிட்டது. என் மதிப்பீட்டில் இந்த இயந்திரத்தின் வரலாற்றில் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு அந்தக் காகிதம்தான்.

சாட்சியை வைத்துக்கொண்டு எவ்வளவு விசாரிக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்றது. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவை சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அடங்குகின்றன. ஆறு சட்டமன்றப் பகுதி. ஆக 30 சாவடி. அந்த ஆண்டு அங்கே வெற்றி வித்தியாசம் 3,219 வாக்கு. பக்கத்திலிருக்கும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்கும் ஆறு சட்டமன்றப் பகுதி. அதே 30 சாவடி. 2024-இல் அங்கே வித்தியாசம் 3 லட்சத்துக்கும் மேல். இரண்டு முடிவுகளிலும் ஐயப்பட எனக்குக் காரணமில்லை. நான் சொல்ல வருவது சரிபார்க்கும் முறையின் கணக்கைப் பற்றியது. 3 லட்சம் வித்தியாசத்தைப் புரட்டப் பல நூறு இயந்திரங்கள் தவற வேண்டும். அவ்வளவு பரவிய தவறு 30 சாவடியில் எப்படியும் கண்ணில் படும். 3,219-ஐப் புரட்ட மிகச் சில இயந்திரங்கள் போதும்; அவை அந்த முப்பதுக்குள் அகப்படாமல் போக வாய்ப்பு அதிகம். வித்தியாசம் குறையக் குறையச் சோதிக்கும் சாவடிகள் கூட வேண்டும். புள்ளியியல் முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த விதி இது. நம் நடைமுறையில் இன்னும் நுழையவில்லை.

2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களின் எரித்த நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்று வழி திறந்தது. மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்தைச் சோதிக்கும் உரிமை தோற்ற வேட்பாளருக்கு உண்டு என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றிருப்பது சிறிய செய்தி அல்ல. உடைமை யாருடையது என்று அந்த உத்தரவு கேட்கவே இல்லை. இயந்திரத்தால் பாதிக்கப்படுகிறவருக்குச் சரிபார்க்கும் உரிமை உண்டு என்ற அடிப்படையில் அது நிற்கிறது. ஸ்டார்ட்டர் வாங்கிய விவசாயிக்கும் மின்மானிக்குப் பணம் கட்டும் வீட்டுக்காரருக்கும் அதே அடிப்படை ஏன் பொருந்தாது?

எதிர்வாதம் தெரிந்ததே. திறந்துகாட்டினால் திருடிவிடுவார்கள், புதிது புனைய யாரும் முன்வரமாட்டார்கள் என்பார்கள். காம்பாக் பயாஸைத் திருப்பி எழுதியதால் ஐ.பி.எம்.மின் பங்கு சுருங்கியது உண்மை. அதே நிகழ்ச்சிதான் கணினியின் விலையை நம் ஊர்க் கல்லூரிகள் வாங்கும் அளவுக்கு இறக்கியது. தவிர, எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறக்கச் சொல்லவில்லை. ஸ்டார்ட்டரில் ஆம்பியர் அளவும் காத்திருப்பு நேரமும் எலக்ட்ரீஷியன் மாற்றும் இடத்தில் இருந்தால் போதும். தொலைத்தொடர்புப் பகுதி மூடியே இருக்கட்டும். நிறுவனம் மூடப்பட்டாலோ ஆதரவை நிறுத்தினாலோ மட்டும் வெளியாகும்படி மூல நிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்துவைக்கும் வழக்கம் மென்பொருள் ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. நிலைபொருளுக்கு மட்டும் அது கூடாது என்பதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை.

தமிழ்நாட்டில் அரசே மிகப் பெரிய வாடிக்கையாளர்: ரேஷன் கடை விற்பனைக் கருவி, பேருந்துச் சீட்டுக் கருவி, மின்மானி எல்லாவற்றுக்குள்ளும் ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் ஒரு நிலைபொருளும் இருக்கின்றன. ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரி சேர்க்கலாம். ஒன்று, மூல நிரலை ஒப்படைத்துவைக்க வேண்டும். பழுது பார்ப்பவர் மாற்ற வேண்டிய அளவுகள் பூட்டப்படக் கூடாது. இன்னொன்று, கருவி சொல்லும் கணக்கை அதற்கு வெளியே ஒப்பிட ஏதேனும் ஒரு பதிவு பயனாளியின் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இலேயே வந்துவிட்டது. கொள்முதல் நிபந்தனைகளை எழுதுவது துறைகளின் கையில் இருக்கிறது. இதற்காகப் புதிய சட்டம் எதுவும் இயற்றத் தேவையில்லை.